அப்பாவின் குரலுக்குக் கணினியைப் பழக்குவது எப்படி?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலைமையில் இருக்கும் வேறு வீட்டாருக்கும் அது உதவும். உங்கள் அப்பா மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 71. இரண்டு வருடத்துக்கு முன் வந்த பாரிசவாதத்தில் வலக்கை தளர்ந்துவிட்டது, பேச்சு மட்டும் தெளிவாக இருக்கிறது. சீனி வருத்தத்தால் பார்வையும் மங்கல், பெரிய எழுத்தென்றால் வாசிப்பார். அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஒரு லெப்டொப் அனுப்பியிருக்கிறார். ஊர்க் கூத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. “கோர்ட்டானாவைப் போட்டுக் கொடுங்கள், வாயால் சொன்னால் எல்லாம் செய்யும்” என்று யாரோ சொல்ல, தேடிப் பார்த்தால் அது கணினியில் இல்லை. இப்போது எதைப் போடுவது, தமிழில் பேசினால் விளங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விளங்கும். உங்கள் அப்பா சொல்லச் சொல்லத் தமிழில் எழுத்து விழும், விழுந்ததை இலங்கைத் தமிழ்க் குரலிலேயே அவருக்கு வாசித்தும் காட்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். எல்லாவற்றையும் செய்யும் ஒரே உதவியாளரைத் தேட வேண்டாம். தமிழுக்கு அப்படி ஒன்று கணினியில் இன்னும் சரியாக அமையவில்லை. வாசிக்கிற வாய், கேட்டு எழுதுகிற காது, சொன்னதைச் செய்கிற கை, இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. மூன்றும் இலவசம். அவற்றைச் சேர்த்து வைப்பதுதான் உங்கள் வேலை.

கோர்ட்டானாவுக்காகக் கவலைப்பட வேண்டாம். மைக்ரோசொஃப்ட் அந்தக் குரல் உதவியாளரை 2014இல் போனிலும் 2015இல் விண்டோஸ் 10இலும் கொண்டுவந்தது, 2023இல் விண்டோஸிலிருந்து எடுத்துவிட்டது. இருந்த காலத்திலும் அதற்குத் தமிழ் தெரியாது. அதன் இடத்துக்கு இப்போது கோபைலட் வந்திருக்கிறது. கேள்வி கேட்கவும் கதைக்கவும் அது நல்லது, ஆனால் உங்கள் அப்பாவின் வேலை அங்கே தொடங்கவில்லை.

ஒழுங்கைப் பற்றி ஒரு சொல். குருக்கள்மடத்தில் இருந்த என் பெரியப்பாவுக்கு ஆறேழு வருடத்துக்கு முன் இதே வேலையைச் செய்துகொடுத்தேன். ஒரே பின்னேரத்தில் எல்லாவற்றையும் போட்டு, எல்லாவற்றையும் காட்டிவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்துப் போனபோது கணினி துணியால் மூடிக் கிடந்தது. “நான் சொல்லுறது சரியா விழுந்திச்சா எண்டு எனக்கு எப்படித் தெரியும் மனே?” என்று கேட்டார். அன்றுதான் புரிந்தது. கண் மங்கியவருக்கு முதலில் வாசித்துக் காட்டும் வசதி வேண்டும், எழுதும் வசதி அதற்குப் பிறகுதான். தான் சொன்னது திரும்பத் தன் காதில் விழுந்தால் அவருக்கு நம்பிக்கை வரும். ஆகவே நீங்களும் வாசிப்பிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு லெப்டொப்பில் ஏற்கனவே இருக்கும் எட்ஜ் உலாவி போதும். ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறந்து, கொன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். மேலே ஒரு பட்டை வரும், வாசிக்கத் தொடங்கும். அந்தப் பட்டையில் குரலைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போனால் தமிழுக்குப் பல குரல்கள் இருக்கும். இந்தியாவுக்குப் பல்லவி, வள்ளுவர். சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. நமக்கென்று இரண்டு, சரண்யாவும் குமாரும். பெயருக்குப் பக்கத்தில் இலங்கை என்று போட்டிருக்கும். அப்பாவை இரண்டு குரலையும் கேட்கவைத்து அவரே தெரிவுசெய்யட்டும். வேகத்தையும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். எங்கள் கணினி நிலையத்துக்கு வரும் பெரியவர்கள் அநேகமாகக் குமாரைத்தான் தெரிவுசெய்வார்கள். அடித்தொண்டைக் குரல் கேட்கும் திறன் குறைந்த காதுக்கும் எட்டுகிறது என்று நினைக்கிறேன். இந்தக் குரல்களுக்கு இன்டர்நெட் வேண்டும்.

இன்டர்நெட் இல்லாத நேரத்துக்கும் ஒரு குரலை இறக்கி வைக்கலாம். செட்டிங்ஸில் டைம் அன்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அன்ட் ரீஜன் போய், தமிழ் (இந்தியா) என்ற மொழியைச் சேருங்கள். சேர்க்கும்போது பேச்சுக்கான பகுதியையும் தெரிவுசெய்தால் வள்ளுவர் என்ற குரல் கணினிக்குள்ளேயே வந்து உட்காரும். எட்ஜில் கேட்ட குரலைப் போல இயல்பாக இராது, கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும். ஆனாலும் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்த நேரத்தில் கைகொடுக்கும். ‘இலங்கை இருக்கும்போது ஏன் இந்தியா?’ என்று உங்களுக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பார்வை இன்னும் மங்கினால், திரையில் இருப்பதையெல்லாம் சொல்லும் என்விடிஏ என்ற திரை வாசிப்பானைப் போட்டுக்கொள்ளலாம். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற அவுஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடங்கியது, இன்றும் முற்றிலும் இலவசம். நான் சொன்ன வள்ளுவர் குரலை அதற்கும் கொடுக்கலாம். இப்போதைக்கு உங்கள் அப்பாவுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அது விசைப்பலகையை நம்பி இயங்குவது. ஒரு கையால் பழகுவது கடினம். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் திரை பெரிதாகும். இப்போதைக்கு அது போதும்.

வாசிப்பில் ஒரு பெரிய தடை வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் பழைய கட்டுரைகள், பாடக்குறிப்புகள், கோயில் மலருக்கு எழுதியவை கணினிக் கோப்பாக இருக்கக்கூடும். நம் பக்கத்தில் பல வருடமாக எல்லாரும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். அச்சகங்களில் இன்றும் அது ஓடுகிறது. பாமினியில் இருப்பது கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்து. அம்மா என்று நாம் பார்க்கும் இடத்தில் அது வேறு ஏதோ ஆங்கில எழுத்துகளை வைத்திருக்கும், அதை வாசிக்கச் சொன்னால் உளறும். குரலிலோ கணினியிலோ பிழையில்லை. அந்த எழுத்தை, எல்லாக் கணினிக்கும் தமிழாகவே விளங்கும் யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இணையத்தில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவசப் பக்கங்கள் பல உண்டு. நகல் எடுத்து ஒட்டினால் மாறி வரும். மாற்றியதும் ஒரு தடவை கண்ணோட்டமிடுங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறி நிற்கும்.

இனிக் காது. அதற்கு முன் மைக்.

கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் தோணியில் போய் மீன் பாடுவதைக் கேட்பவர்கள் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைப்பார்கள். தோணியில் சும்மா இருந்து காது கொடுத்தால் காற்றும் அலையும்தான் கேட்கும். மைக்குக்கும் அதே நியாயம். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் உரத்து விழும், மின்விசிறியின் இரைச்சலோ அப்படியே நிற்கும். லெப்டொப்பின் சொந்த மைக் முகத்திலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது, விசிறியும் சேவலும் அதற்கு அப்பாவின் குரலைப் போலவே கேட்கும். ஆகவே யூஎஸ்பி வயர் உள்ள ஒரு ஹெட்செட் வாங்குங்கள். மலிவானதே போதும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வாய்க்கடையின் பக்கம் இரண்டு விரல் தள்ளி வையுங்கள், நேரே வைத்தால் ‘ப’வும் ‘க’வும் ஊதி அடிக்கும். புளூடூத் ஹெட்செட் வேண்டாம். மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அதன் ஒலித்தரம் தாழ்ந்துவிடும், அதோடு சார்ஜ் போடும் தொல்லை ஒரு கைக்காரருக்கு எதற்கு?

கடையில் வாங்கி வந்ததும் செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் போய் அந்த ஹெட்செட் மைக்காகத் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான குரலில் பேசும்போது பட்டை பாதிக்கு மேல் ஏற வேண்டும். அப்புறம் பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி என்ற பகுதியில் மைக்ரோபோனுக்கு அனுமதி திறந்திருக்க வேண்டும். என்னிடம் ‘மைக் பழுது’ என்று கொண்டுவரப்படும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் இந்த அனுமதிதான் மூடிக் கிடக்கும்.

நேரமும் முக்கியம். வெள்ளாப்பில் எழும்புகிற பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் அதுவே நல்ல நேரம். பாண் ஓட்டோ பாட்டோடு வரத் தொடங்கும் முன் ஒரு மணித்தியாலம் அமைதியாகக் கிடைக்கும். மாரியில் ஷீட் கூரைக்கு மேல் மழை அடிக்கும்போது எந்த மைக்கும் உதவாது, அன்றைக்கு வாசிக்கக் கேட்டுக்கொண்டு இருக்கட்டும்.

தமிழில் சொல்லி எழுத இரண்டு வழிகள். நான் முதலில் சொல்வது கூகுள் டொக்ஸ். குரோம் உலாவியில் டொக்ஸைத் திறந்து, டூல்ஸ் என்ற பட்டியலில் வொய்ஸ் டைப்பிங்கை அழுத்தினால் ஓரத்தில் ஒரு மைக் படம் வரும். அதற்கு மேலுள்ள மொழிப் பட்டியலில் தமிழுக்கு மட்டும் நான்கு வரிகள் இருக்கும்: இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை. 2017இல் கூகுள் குரல் தட்டச்சுக்குப் புதிதாக மொழிகளைச் சேர்த்தபோது நம் நாட்டுத் தமிழைத் தனியாகச் சேர்த்தது, சிங்களத்தையும் அப்போதுதான் சேர்த்தது. தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிவுசெய்து, மைக் படத்தை அழுத்தி, சிவப்பானதும் பேச வேண்டும். எழுதியது தானாகவே சேமிப்பாகும். நம்மூர் மின்வெட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. அரை மணித்தியாலம் சொல்லி எழுதிய ஒரு பந்தி அழிந்துபோனால் அவர் மறுபடி உட்காரவே மாட்டார்.

மற்றது விண்டோஸின் சொந்தக் குரல் தட்டச்சு. விண்டோஸ் விசையையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பட்டை வரும். வேர்ட், மின்னஞ்சல், உலாவியில் திறந்த வட்ஸ்அப் என்று எங்கே எழுத்துப் பெட்டி இருக்கிறதோ அங்கெல்லாம் இது எழுதும். டொக்ஸில் இல்லாத வசதி இது. விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி மொழியைத் தமிழுக்கு மாற்றிய பிறகுதான் தமிழில் எழுதும். இங்கேதான் நான் மேலே சொன்ன இந்தியா விஷயம் வருகிறது. மைக்ரோசொஃப்டின் குரல் தட்டச்சுப் பட்டியலில் இருப்பது தமிழ் (இந்தியா). நம் நாடு என்று ஆசையோடு தமிழ் (இலங்கை) மட்டும் சேர்த்துவிட்டு, ‘இந்த மொழிக்கு வசதி இல்லை’ என்கிறதே என்று வருபவர்கள் பலர். இந்தியாவைச் சேருங்கள், நடக்கும். இரண்டு வழிக்கும் இன்டர்நெட் வேண்டும், ஏனென்றால் குரல் அவர்களின் சேவையகத்துக்குப் போய் எழுத்தாகித் திரும்புகிறது. காணொளி பார்ப்பதோடு ஒப்பிட்டால் இதற்கு ஓடும் டேட்டா மிகச் சிறிது. ஆனால் குரல் வெளியே போகிறது என்பதால் வங்கிக் கணக்கு எண், அடையாள அட்டை எண், இரகசிய எண் எதையும் இப்படிச் சொல்லி எழுத வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.

எப்படிப் பேச வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்வதுபோல் உரக்கச் சொல்வார்கள். அது கெடுதல். கணினி நம் குரலை ஒரு செக்கனுக்கு 16,000 தடவை அளந்து எண்ணாக்கி, மிகச் சிறு துண்டுகளாக்கிப் பார்க்கிறது. ஒலியை மட்டும் வைத்து அது தீர்மானிப்பதில்லை, முன்னும் பின்னும் வரும் சொற்களையும் வைத்தே எந்தச் சொல் என்று முடிவெடுக்கிறது. ‘வாழை’ என்று தனியே சொன்னால் அது வாளையாகவும் விழலாம். ‘முற்றத்து வாழை குலை போட்டிருக்கிறது’ என்று முழுதாகச் சொன்னால் பிழைக்க வழியில்லை. ஆகவே மனதில் ஒரு வசனத்தை முடித்துக்கொண்டு, வகுப்பில் பாடம் சொல்கிற வேகத்தில் அதை ஒரே மூச்சில் சொல்லட்டும். நாற்பது வருடம் கரும்பலகைக்கு முன் நின்றவருக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மட்டக்களப்புக்காரருக்கு இதில் ஒரு அனுகூலமும் ஒரு சிக்கலும் உண்டு. கமில் சுவெலபில் என்ற செக் நாட்டுத் தமிழறிஞர், தமிழின் பேச்சு வழக்குகளுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்பு வழக்கு என்று 1960களில் எழுதினார். குரல் தட்டச்சில் அந்த நெருக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம். நம் பெரியவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பேசினாலே பெரும்பகுதி சரியாக விழும். சென்னைப் பேச்சுக்கு அந்த அளவு விழுவதில்லை என்பது நான் பார்த்தது.

சிக்கல் ‘ற்ற’வில் இருக்கிறது. காற்று, ஆற்றங்கரை, வெற்றிலை என்பவற்றை நாம் சொல்லும் ஒலி வேறு, இந்தியாவில் சொல்லும் ஒலி வேறு. அவர்கள் வாசிக்கும்போது அதற்குள் ஒரு ‘ர’ கேட்கும். நம் வாயில் அது இறுக்கமான ஒரே ஒலி. இந்தியக் குரல்களை அதிகம் கேட்டுப் பழகிய கணினிக்கு நம் ‘காற்று’ சில நேரம் ‘காட்டு’ என்று விழும். இலங்கைத் தெரிவை வைத்திருந்தால் இது குறையும், முற்றாகப் போகாது. அதற்காக அப்பா தன் உச்சரிப்பை மாற்ற வேண்டாம். எழுதி முடித்த பிறகு நீங்கள் ஒரு தடவை திருத்தினால் போயிற்று. ஊர்ச் சொற்களும் அப்படியே. பிறகு என்ற பொருளில் ‘மறுகா’ என்று பெரியப்பா சொன்னபோதெல்லாம் ‘முருகா’ என்று எழுதியது. ஆணம் (குழம்பு), வட்டை (வயல்வெளி), கிறுகி (திரும்பி) போன்றவற்றையும் அது அறியாது. கூத்தைப் பற்றிய எழுத்தில் இந்தச் சொற்கள் நிறைய வரும், அவற்றை விடவும் கூடாது. ஒரு வழி சொல்கிறேன். ஊர்ச் சொல் வரும் இடத்தில் அதற்குப் பதிலாக, கணினிக்குத் தெரிந்த, அந்த எழுத்தில் வேறெங்கும் வராத ஒரு சொல்லைச் சொல்லட்டும். ‘மறுகா’வுக்கு ‘விமானம்’, கூத்தில் போடும் கைத்தாளமான ‘சல்லாரி’க்கு ‘கப்பல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் டொக்ஸில் கொன்ட்ரோலும் எச்சும் அழுத்தி ‘விமானம்’ எல்லாவற்றையும் ‘மறுகா’ என்று ஒரே தடவையில் மாற்றலாம். கொப்பியில் ஒரு பக்கத்தில் இந்தச் சோடிகளை எழுதிவைத்தால் குழப்பம் வராது.

நிறுத்தற்குறிகளை டொக்ஸ் தமிழில் சொல்லி வாங்குவதில்லை. முற்றுப்புள்ளி என்று சொன்னால் அந்தச் சொல்லையே எழுதும். அதையும் மேலே சொன்ன மாதிரியே மாற்றிக்கொள்ளலாம். வசன முடிவில் ‘முற்றுப்புள்ளி’ என்று சொல்லிவிட்டு, கடைசியில் அதை ஒரு புள்ளியாக மாற்றுங்கள்.

கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். தாளக்கட்டைச் சொல்லி எழுத முயல வேண்டாம். ‘தா தெய்யத் தோம்’ என்று அவர் சொன்னால் கணினி அதற்குள் சொற்களைத் தேடும், தெய்யத் தோமைத் தெய்வமாக்கும். கூத்தின் இரு வகைகளான வடமோடி ஆட்டத்துக்கும் தென்மோடி ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி அந்தத் தாளத்தில்தான் இருக்கிறது. அது பிழையாகப் பதிவதைவிடப் பதியாமல் இருப்பது நல்லது. தாளக்கட்டு, கூத்துப் பாட்டுகளான விருத்தம், தரு இவற்றை விண்டோஸில் இருக்கும் ஒலிப்பதிவுச் செயலியில் அப்படியே குரலாகப் பதிந்து, ‘தாளம் 1’, ‘தாளம் 2’ என்று பெயரிட்டு வையுங்கள். எழுத்தில் அந்த இடம் வரும்போது ‘தாளம் 1ஐக் கேட்கவும்’ என்று குறித்தால் போதும். எந்த எழுத்தும் தராத ஒன்றை அந்தப் பதிவு தரும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார்மாரின் வாயில் மட்டும் இருக்கும் தாளங்கள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு, உங்கள் அப்பாவின் குரலில் சில நின்றாலும் பெரிய காரியம்.

பழைய ஒலிநாடாக்கள், நீண்ட பேச்சுப் பதிவுகள் இருந்தால் அவற்றை எழுத்தாக்க விஸ்பர் என்ற மென்பொருள் உண்டு. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் எல்லாருக்கும் திறந்து கொடுத்தது. தமிழும் அதில் அடக்கம், இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். தமிழில் அதன் பிழைகள் கூடுதல், போடுவதற்கும் கொஞ்சம் கணினி அறிவு வேண்டும். அவசரமில்லை.

மூன்றாவது, கை. சொன்னதைச் செய்வதற்கு விண்டோஸ் 11இல் வொய்ஸ் அக்ஸஸ் என்ற வசதி 2022 முதல் இருக்கிறது. கை இயங்காதவர்களை எண்ணியே செய்தது, எனவே உங்கள் அப்பாவுக்கு இது சரியாகப் பொருந்தும். செட்டிங்ஸில் அக்ஸசபிலிட்டி, ஸ்பீச் போய்த் திறந்தால் முதல் தடவை ஒரு கோப்பை இறக்கும். அதற்குப் பிறகு இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும், குரலும் கணினியை விட்டு வெளியே போகாது. இதற்குத் தமிழ் தெரியாது. கட்டளைகள் ஆங்கிலத்தில். மொழியைக் கேட்கும் இடத்தில் ஆங்கிலம் (இந்தியா) என்பதைத் தெரிவுசெய்யுங்கள், அமெரிக்க ஆங்கிலத்தைவிட அதற்குத்தான் நம் உச்சரிப்பு பிடிபடும்.

பயப்பட வேண்டாம், பத்துச் சொற்றொடர் தெரிந்தால் போதும். ‘ஓபன் குரோம்’ என்றால் குரோம் திறக்கும். ‘ஸ்க்ரோல் டவுன்’ என்றால் பக்கம் கீழே போகும். ‘ஷோ நம்பர்ஸ்’ என்று சொன்னால் திரையில் அழுத்தக்கூடிய ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண் நிற்கும். ‘கிளிக் செவன்’ என்றால் ஏழாவது அழுத்தப்படும். இந்த ஒன்று வந்துவிட்டால் மௌஸ் தேவையில்லை. திரையைப் பெரிதாக்கி வைத்தால் எண்களும் அவருக்குத் தெரியும். ‘வொய்ஸ் அக்ஸஸ் ஸ்லீப்’ என்றால் உறங்கும், ‘வொய்ஸ் அக்ஸஸ் வேக் அப்’ என்றால் எழும்பும். தமிழில் சொல்லி எழுதத் தொடங்கும் முன் இதை உறங்க வைக்க மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் அப்பா சொல்லும் தமிழை ஆங்கிலக் கட்டளையாக எடுத்துக்கொண்டு எதையாவது மூடிவிடும். இந்த இரண்டும் ஒரே மைக்கில் சண்டை பிடிப்பதால்தான் பலர் வெறுத்து விட்டுவிடுகிறார்கள். ஒன்று விழித்திருந்தால் மற்றது உறங்க வேண்டும்.

அதிலேயே வொய்ஸ் ஷோர்ட்கட்ஸ் என்ற பகுதி இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு வேலையை நாமே வைத்துக்கொள்ளலாம். ‘மை புக்’ என்று சொன்னால் கூத்து எழுதும் டொக்ஸ் பக்கம் நேரே திறக்கும்படியும், ‘மோர்னிங் நியூஸ்’ என்று சொன்னால் அவர் வாசிக்கும் பத்திரிகைத் தளம் திறக்கும்படியும் நீங்கள் செய்துகொடுங்கள். பெரியவருக்குத் தினமும் தேவைப்படுவது அநேகமாக இந்த இரண்டும்தான்.

கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் உதவியாளர்களைக் கடைசியில் காட்டுங்கள். கூகுளின் ஜெமினி 2024 முதல் தமிழை ஏற்கிறது, அதன் பக்கத்தில் மைக் படத்தை அழுத்தித் தமிழிலேயே கேட்கலாம். நீண்ட செய்தியைச் சுருக்கித் தரும், ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் விளக்கும். ஆனால் நம் ஊர் விஷயங்களில் தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லும். ஊர்க் கூத்தின் வரலாற்றை அதனிடம் கேட்டு எழுதினால் அப்பாவின் நூலில் இல்லாத ஊரும் ஆடாத கூத்தும் நுழைந்துவிடும். குளிசையின் அளவு, இன்சுலின் அளவு எதையும் அதனிடம் கேட்கவே கூடாது. அதற்கு டொக்டர் இருக்கிறார்.

முதல் வாரம் வாசிக்கக் கேட்பது மட்டும். இரண்டாம் வாரம் ஒரு நாளைக்கு ஒரு பந்தி சொல்லி எழுதுவது, உடனே அதைக் குமாரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. வொய்ஸ் அக்ஸஸ் அதற்குப் பிறகு. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துச் செய்யாமல், அவர் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் லெப்டொப்பில் இருப்பது விண்டோஸ் 11தானா என்று பாருங்கள். விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் அழுத்தி, வரும் பெட்டியில் வின்வெர் என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் தெரியும். விண்டோஸ் 10 என்றால் வொய்ஸ் அக்ஸஸ் இராது, அதன் சொந்தக் குரல் தட்டச்சிலும் தமிழ் இல்லை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. கணினி ஏற்றுக்கொண்டால் 11க்கு மாற்றுங்கள், அதற்குக் காசில்லை. ஏற்காவிட்டாலும் எட்ஜில் வாசிப்பதும் டொக்ஸில் எழுதுவதும் அப்படியே நடக்கும். எது என்று பார்த்துச் சொன்னால் அதற்கேற்றபடி மிச்சத்தை எழுதுகிறேன்.